செய்மதிப் படத்தில் எரிமலைச் சாம்பலை முகிலிலிருந்து பிரித்தறிவது எப்படி?

கேட்டது இதுதான்: மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இந்தோனேசிய எரிமலைகளைச் செய்மதிப் படத்தில் பார்க்கலாமா, தெரிவது சாம்பலா முகிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாராளமாகப் பார்க்கலாம். ஜப்பானின் ஹிமவாரி-9 செய்மதி பூமியின் அந்தப் பக்கத்தை 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. படங்கள் இணையத்தில் இலவசம். மட்டக்களப்பும் மேற்கு ஓரத்தில் நசுங்கித் தெரியும்.

நிறப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாரி தொடங்கும்போது எங்கள் வாவிக்கு மேல் எழும் இடிமுகிலும் சாம்பல் முகிலும் அதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அகச்சிவப்பில் தெரியும். 11, 12 மைக்ரோமீற்றர் ஆகிய இரண்டு அலைநீளங்களில் வெப்பநிலையை அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பார்கள். பனித்துகள், நீர்த்துளி என்றால் விடை பொதுவாக நேர் (+). சாம்பலில் உள்ள சிலிக்கேட்டுத் (பாறைக் கனிமத்) துகள் 11இல் கூடுதலாக உறிஞ்சுவதால் சாம்பலுக்கு மறை (−).

சரி, இதுவும் எப்போதும் கைகொடுக்காது. வெடித்த உடனே சாம்பல் தூண் மிகத் தடிப்பாக இருக்கும். ஈரப்பதன் அதிகமென்றால் துகள்மேல் பனி படியும். இரண்டிலும் மறை அடையாளம் காணாமல் போகும். நான் என்றால் சில மணி நேரம் பொறுத்து, சாம்பல் பரவி மெலிந்த பிறகுதான் பார்ப்பேன். எரிமலை கக்கும் கந்தகவீரொட்சைட்டு வாயுவைக் காட்டும் சென்டினல்-5பி செய்மதிப் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது நாளுக்கு ஒருமுறைதான்.

விமானிகளுக்கு இது விளையாட்டல்ல. 1982இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் எயர்வேஸ் விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றன. கீழே இறங்கும்போதுதான் திரும்ப இயங்கின. இப்போது இந்தோனேசியப் பகுதிக்கான சாம்பல் எச்சரிக்கையை அவுஸ்திரேலியாவின் டார்வின் மையம் வெளியிடுகிறது.