கரை ஒதுங்கிய காசு யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி–பதில்: பிரிட்டன் கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டர்

கேள்வி: தென் இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் பக்கம் டிடெக்டரோடு போக ஆசை. அங்கே மணலுக்குள் ஒரு பழைய டச்சுக் கப்பல் கிடக்கிறதாமே? பொதுக் கடற்கரைதானே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பொதுக் கடற்கரை என்றால் நடக்கலாம், குளிக்கலாம். தோண்டலாமா என்பது தனிக் கேள்வி. கடல் ஏறி வற்றும் அந்த மணல் பட்டைக்கும் உரிமையாளர் உண்டு. ஏறக்குறைய பாதி, அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் இருக்கிறது. மீதி உள்ளூர் கவுன்சில்கள், டச்சி எனப்படும் அரச குடும்பத் தோட்டங்கள், தனியார் எனப் பிரிந்து கிடக்கிறது. போகும் இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். அவர்களுடைய இன்றைய நிபந்தனையையும், கவுன்சிலின் துணைவிதியையும் படியுங்கள். தேம்ஸ் கரையில் லண்டன் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் இல்லாமல் தேடுவதே கூடாது.

நீங்கள் சொல்லும் கப்பல் 'ஆம்ஸ்டர்டாம்'. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) புறப்பட்ட முதல் பயணத்திலேயே, 1749 ஜனவரியில், ஹேஸ்டிங்ஸ் அருகே புல்வர்ஹைத் கரையில் தரைதட்டி மணலில் புதைந்தது. கடல் நன்றாக வற்றும் நாட்களில் அதன் விலா மரங்கள் வெளியே தெரியும். 1969-இல் அதை இயந்திரம் வைத்துத் தோண்டிப் பொருள்களை இழுத்தெடுத்தார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு வந்ததுதான் 1973-ஆம் ஆண்டின் கப்பல் சிதைவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி இந்தக் கப்பலைச் சுற்றித் தடைப்பகுதி வரையறுத்திருக்கிறார்கள். உள்ளே லைசென்ஸ் இல்லாமல் கப்பலைத் தொடுவதும் பொருளை எடுப்பதும் குற்றம். மணலின் உரிமையாளர் சரி என்று சொல்லியிருந்தாலும் இது மாறாது. தடைப்பகுதியின் எல்லை, பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பட்டியல் வரைபடத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் வேலி எதுவும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: தடைப்பகுதிக்கு வெளியே ஒரு பழைய வெள்ளிக்காசு கிடைத்தால்? 14 நாளுக்குள் கொரோனரிடம் (சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) சொல் என்கிறார் ஒரு நண்பர், 28 நாளுக்குள் 'ரிசீவர் ஆஃப் ரெக்'கிடம் (கப்பல் சிதைவுப் பொருள்களுக்கான அதிகாரி) சொல் என்கிறார் இன்னொருவர்.

இரண்டும் சரி, ஆனால் ஒரே காசுக்கு அல்ல. 14 நாள் என்பது 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அது நிலத்தில் கிடைக்கும், புதையல் என்று அந்தச் சட்டம் வரையறுக்கும் பொருளுக்கு. கப்பலிலிருந்து வந்தது புதையல் ஆகாது என்று அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் காசு கப்பலிலிருந்து வந்தது என்றால் 1995-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம்தான் பேசும்: 28 நாளுக்குள் ரிசீவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் கடல்சார், கடலோரக் காவல் முகமையைச் சேர்ந்த அதிகாரி. பொருள் பழையதா புதியதா என்ற வரம்பு இங்கே கிடையாது. 2007-இல் பிரான்ஸ்கோம் கரையில் 'எம்எஸ்சி நப்போலி' என்ற சரக்குக் கப்பலின் கன்டெய்னர்களிலிருந்து புத்தம்புது மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போனார்களே, அவற்றுக்கும் இதே சட்டம்தான். தடைப்பகுதிக்குள் கிடைத்ததா வெளியே கிடைத்ததா என்பது இந்தக் கடமையைத் தொடாது.

எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குழம்பினால் ரிசீவருக்கே முதலில் எழுதுங்கள். படிவத்தில் முக்கியமானது இடம். 'கரையோரம்' என்று எழுதினால் பயனில்லை. போனில் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, தேதி, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, அளவுகோல் பக்கத்தில் வைத்து இருபுறமும் எடுத்த படம் எல்லாம் சேருங்கள். உரிமையாளர் உரிமை கோர ஓராண்டு அவகாசம் உண்டு. வந்தால் உங்களுக்கு மீட்புக் கூலி கிடைக்கலாம். யாரும் வராவிட்டால் பொருள் அரசுடைமை. பல நேரம் கூலிக்குப் பதிலாகப் பொருளையே கண்டெடுத்தவரிடம் விட்டுவிடுகிறார்கள். மறைத்தால் 2,500 பவுண்ட் வரை அபராதம், கூலி போய்விடும், போதாததற்குப் பொருளின் மதிப்பைப் போல் இருமடங்கு கட்ட வேண்டியிருக்கும். ஒளித்து வைப்பவருக்கு லாபமே இல்லாத கணக்கு இது.

கேள்வி: கல்லும் மணலும் ஒட்டிய துருக்கட்டி ஒன்று கிடைத்தது. உடைத்துப் பார்க்கலாமா?

கூடாது. உப்புநீரில் இரும்பு கரையக் கரையச் சுற்றியுள்ள மணலும் கூழாங்கல்லும் அதோடு இறுகிக்கொள்ளும். சில கட்டிகளுக்குள் இரும்பே மிச்சமிருக்காது. ஆணி இருந்த இடத்தில் ஆணி வடிவப் பொந்துதான் இருக்கும். சுத்தியல் பட்டால் அந்த அச்சும் போய்விடும். எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். காயவும் விடாதீர்கள். வார்ப்பிரும்புக்குள் ஊறிய உப்பு, காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கும். முழுசாக இருந்த பீரங்கிக் குண்டு தோல் உரிந்து பிளந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், பொருள் முங்கும்படி தண்ணீரில் வைத்து, ரிசீவரிடம் ஆலோசனை கேளுங்கள். மரம், தோல், கயிறு எல்லாவற்றையும் இதேபோல் காயாமல் தண்ணீரில் வையுங்கள். கறுத்து ஒட்டிக்கொண்ட வெள்ளிக்காசுகளையும் பிரிக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

கட்டி உருளையாக, ஒரு முனை கூம்பி இருந்தால் கையே வைக்காதீர்கள். உலகப்போர்க் குண்டுகள் இன்றும் கரை ஒதுங்குகின்றன. விலகி நின்று 999-ஐ அழைத்து, கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

கேள்வி: விமானச் சிதைவு என்றால்?

ராணுவ விமானம் எதுவானாலும், தனி அறிவிப்பே இல்லாமல், 1986-ஆம் ஆண்டின் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். லைசென்ஸ் இல்லாமல் ஒரு தகட்டைக்கூட எடுக்கக் கூடாது.

கேள்வி: ரிசீவர் என்னிடமே விட்டுவிட்டார். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

பிரிட்டன் மண்ணிலோ அதன் கடல் எல்லையிலோ கிடைத்த, 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்கு, விலை எவ்வளவு குறைவானாலும் ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டும். ரிசீவர் தந்த கடிதம் உரிமைக்குச் சான்றுதான், லைசென்ஸுக்கு ஈடாகாது. விண்ணப்பத்தோடு அதன் நகலையும் இணைத்து அனுப்புங்கள். பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம்.