மைனரும் மினுக்கறிஞரும்

அன்புள்ள ஐயா,

ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஓரிடத்தில் ‘ஜெட் செட்’ என்றும் இன்னோரிடத்தில் ‘கிளிட்டராட்டி’ என்றும் வருகிறது. அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கிறது. இரண்டையும் ‘பிரபலங்கள்’ என்று போட்டுவிட்டேன். படித்துப் பார்த்த என் மகள் தப்பு என்கிறாள். தப்பா?

ஒரு வாசகர், திருமங்கலம்

*

அன்புள்ள நண்பருக்கு,

மகள் பக்கம்தான் நியாயம். பிரபலம் என்றால் நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். ஜெட் செட் ஆசாமிக்கு அது தேவையில்லை, பணமும் பாஸ்போர்ட்டும் போதும்.

ஜெட் விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1952 மே மாதம், லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு. நம் மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்ததும் அதே வருடம்தான். அன்றைக்கு அந்த டிக்கெட்டை வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். நினைத்தால் ஒரு ஊர், அலுத்தால் வேறு ஊர் என்று பறந்த அந்தக் கூட்டம்தான் ஜெட் செட்.

எங்கள் ஊரில் ஒரு மைனர் இருந்தார். மல் ஜிப்பாவுக்குள் சங்கிலி மின்னும். முகச்சவரம் பண்ணிக்கொள்ளவே வாடகைக் கார் பிடித்து மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போவார். ஊர் நாவிதர் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். உரிய வயது நிரம்பாத ஜமீன் வாரிசைச் சட்டம் மைனர் என்றது. நம் ஜனங்கள் அதைப் பட்டமாக்கி, இவரை அறுபது வயதிலும் மைனர் என்றே கூப்பிட்டார்கள். ஜெட் செட்டுக்கு நம்மூரில் கிட்டத்தில் வரும் ஆள் அவர்தான்.

கிளிட்டராட்டி வேறு சங்கதி. அதில் ஒரு நக்கல் இருக்கிறது. லிட்டராட்டி என்றால் படித்தவர்கள், எழுத்தறிந்த கூட்டம். அதன் தலையில் மினுமினுப்பைக் குறிக்கும் கிளிட்டரை ஒட்டவைத்துவிட்டார்கள். அதாவது, சங்கப்பலகையில் ஜிகினா தூவி உட்கார்ந்தவர்கள். இன்னொன்று, அந்தச் சொல் எப்போதும் பன்மை. தனி ஆளை அப்படிச் சொல்வதில்லை.

சொல்லவந்ததோடு ஒன்று. கிளாமர் என்ற சொல்லும் படிப்பிலிருந்து பிறந்ததுதான். இலக்கணத்தைக் குறிக்கும் கிராமர், ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் கிளாமர் ஆயிற்று. படித்தவனுக்கு மந்திரம் தெரியும் என்று பாமரர் நம்பிய காலம் அது. ஆகவே கிளாமருக்குப் பழைய பொருள் கண்கட்டு வித்தை. நம் சினிமாப் பத்திரிகைக்காரர்கள் அதைத் துணி அளவாக்கிவிட்டார்கள், அது தனிக்கதை.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். ‘ஜெட் செட்’டை அப்படியே விடுங்கள். மைனர் என்று போட்டால் வாசகருக்கு ஜிப்பாதான் ஞாபகம் வரும், விமானம் வராது. கிளிட்டராட்டிக்கு ‘மினுக்கறிஞர்கள்’ என்று எழுதிப் பாருங்களேன். கொஞ்சம் விளையாட்டாகத் தெரியும், மூலச்சொல்லும் விளையாட்டில் பிறந்ததுதானே. கட்டுரை ரொம்ப கறாரான தொனியில் இருந்தால் ‘பகட்டு மேல்தட்டினர்’ போதும், ஆனால் நக்கல் போய்விடும்.

எதற்கும் அச்சுக்கு அனுப்புமுன் மகளிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.