சிப்ஸ் பாக்கெட் வாசனையும் அடகு போகாத நகையும்

அம்மா, மேற்படிப்பு பற்றிக் கேட்க நேற்று நீங்கள் வந்திருந்த அரை மணி நேரத்தில் உங்கள் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “புது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சா ஏன் சார் பெயின்ட் வாசனை வருது?” நீங்கள் “சும்மா இருடி” என்று அடக்கிவிட்டீர்கள். அப்புறம் பெரியப்பா சொன்ன கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் சீட், நகை அடகு. நானும் “கவலைப்படாதீங்க” என்று அனுப்பிவிட்டேன். தப்பு. அவளுக்கு ஒட்டாத படிப்புக்கு நீங்கள் வட்டி கட்டப் போகிறீர்கள், கவலைப்படத்தான் வேண்டும்.

ஐ.டி. பற்றிச் சொல்ல உங்கள் உறவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் அவள் கேள்விக்கு வருகிறேன்.

பாக்கெட்டின் அச்சு மையில் சேர்க்கும் எத்தில் அசிடேட், முன்பெல்லாம் சேர்த்த டொலுயீன் போன்ற கரைப்பான்கள், மை காய்ந்த பிறகும் பாக்கெட்டின் பிளாஸ்டிக் பிலிமுக்குள் கொஞ்சம் தங்கிவிடும். பிளாஸ்டிக்குக்குள் அவை எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளப்பதே ஒரு வேலை. கருவி, கேஸ் குரோமட்டோகிராஃப்: கலவையை ஆவியாக்கி, குழாய் வழியே ஓட்டிப் பிரிப்பது. வழக்கமாக அதில் தெரியாத கலவையை ஏற்றி, என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இங்கே தலைகீழ். நுண்குழாயின் உள்சுவரில் பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் பொருளை, சில மைக்ரான் தடிமனுக்குப் பூசி, துளியிலும் துளியாக டொலுயீனை ஊசியால் செலுத்துவார்கள். ஹீலியம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். வழியெல்லாம் டொலுயீன் பாலிமருக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். கடைசியில் அது வெளியே வரும்போது திரையில் மேடு போல ஒரு பீக் எழும். பீக் தாமதமாக வந்தால், டொலுயீன் பாலிமரில் நன்றாகக் கரைகிறது. அகலமாகி வால் நீண்டால், உள்ளே நகரத் திணறுகிறது. அந்த வடிவத்தைச் சமன்பாட்டோடு பொருத்தினால் பரவல் கெழு, அதாவது உள்ளே எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண், கிடைக்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இறுக்கம் தளரும். அதற்கு மேல் சூடு ஏற ஏற அந்த எண் சரசரவென்று எகிறும். நுண்குழாய் முறை 1987-ல் வந்தது. பெயின்ட், மாத்திரைப் பூச்சு, உணவு பேக்கிங் எல்லாவற்றுக்கும் இந்த எண் வேண்டும்.

வழி? அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு சென்னைப் பல்கலைக்கழகக் கிண்டி வளாகத்தில் பாலிமர் படிப்பு. பி.டெக்.தான் வேண்டுமென்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் (அண்ணா பல்கலைக்கழக வளாகம்) ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம். கவுன்சலிங்கில் கட் ஆஃப் இருந்தால் போதும், நன்கொடை கிடையாது. ஆனால் முதல் சம்பளம் பெரியப்பா மகன் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம். வகைக்கெழு, தொகையீடு என்றாலே அவளுக்கு அலர்ஜி என்றால் இது வேண்டாம், அவளிடமே கேளுங்கள்.

பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று நானே விசாரிக்கிறேன். ஒரு பீக் வரும்வரை அவள் பொறுமையாக உட்காருகிறாளா, பார்ப்போம். பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள், பேசலாம். நகை மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.