எந்த ஆன்லைன் உலகத்தில் குடியேறலாம்?

கேள்வி: திருமங்கலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நானும் என் சித்தப்பா மகனும் ஒரு நண்பனும் பல வருஷமாக போனில் பிஜிஎம்ஐ ஆடி அலுத்துப்போய்விட்டோம். ஒரு உலகத்துக்குள்ளேயே போய் இருந்துவிட்டு வருகிற மாதிரியான ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம் வேண்டும். வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டஸி, எல்டர் ஸ்க்ரோல்ஸ், கில்ட் வார்ஸ் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். கடை அடைத்து வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகும், பதினொன்றுக்குப் படுத்துவிடுவோம். 8 ஜிபி ராம் லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மாதச் சந்தா கட்ட முடியாது. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் மூன்று பேருக்கும் கில்ட் வார்ஸ் 2. அதிலும் ஐரோப்பா சர்வர். மற்றவை மட்டம் என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்கள் லேப்டாப்பும் அந்த இரண்டு மணி நேரமும்தான் இந்தப் பதிலைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கேமுக்குள் மூழ்குவது எப்படி நடக்கிறது என்று எமிலி பிரௌன், பால் கெய்ர்ன்ஸ் இருவரும் ஆட்டக்காரர்களிடம் பேசி 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூழ்குவதில் மூன்று படி இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. முதலில் ஈடுபாடு, அப்புறம் மனம் ஒன்றிப்போவது, கடைசியில் சுற்றி இருப்பதே மறந்துபோவது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு தடை நிற்கும், அதை விலக்கினால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். கேம் கம்பெனிகள் பேசுவதெல்லாம் மூன்றாவது படியைப் பற்றித்தான். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். படம் திணறும், பட்டன் பழகாது, கூட ஆட ஆள் இருக்காது.

கிராஃபிக்ஸ் நன்றாக இருந்தால் தானாக மூழ்கிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நம் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். பின்னால் தொங்குவது வரைந்த திரை, எதிரே ஒரு மைக், அவ்வளவுதான். ஆனாலும் கூட்டம் விடியும்வரை எழுந்திருக்காது. கேமிலும் நம்மைப் பிடித்து உட்கார வைப்பவை வேறு. அந்த உலகம் நாம் செய்ததை ஏற்றுக்கொள்கிறதா? நாம் இல்லாதபோதும் அது நடந்துகொண்டிருக்கிறதா? அங்கே மற்ற மனிதர்கள் இருக்கிறார்களா? ஒவ்வொரு கேமையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இந்த விஷயத்தில் ஒரு மைல்கல். அதன் பெரிய கண்டங்களில் ஊர்விட்டு ஊர் நடக்கும்போது இடையில் லோடிங் திரை வராது. தூரத்தில் தெரிகிற மலைக்கு நடந்தே போய்விடலாம். 2005 செப்டம்பரில் அங்கே நடந்த சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஹக்கார் என்ற பாஸ், அதாவது பெரிய எதிரி, தன்னோடு மோதுகிறவர்களுக்கு ஒரு தொற்று நோயைக் கொடுக்கும். அது அந்தச் சண்டை நடக்கிற இடத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டியது. ஆட்டக்காரர்களின் வளர்ப்பு மிருகங்கள் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது. லெவல் குறைந்தவர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் மருந்து போட ஓடி வந்தார்கள், வேண்டுமென்றே பரப்பியவர்களும் உண்டு. கடைசியில் கம்பெனியே சர்வரை ரீசெட் செய்ய வேண்டியதாயிற்று. தொற்றுநோயின்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசிக்க இது உதவும் என 2007-ல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் தொற்றுநோய் இதழிலேயே கட்டுரை வந்தது. எழுதி வைத்த கதை எதுவும் இதைச் செய்திருக்க முடியாது. ஆனால் லெவல் 20 வரைதான் இலவசம், அதற்கு மேல் சந்தா. பழைய கண்டங்களை ஓட்டமாகக் கடந்து கடைசி லெவலில்தான் கூட்டத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது என் குறை. உங்களுக்கு ஒத்துவராது.

கதைதான் வேண்டும் என்றால் ஃபைனல் ஃபேண்டஸி 14-ஐ மிஞ்ச ஆளில்லை. 2010-ல் வந்தபோது படுதோல்வி. அந்த ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிடா கேமின் தயாரிப்பாளராகப் பொறுப்பேற்றார். பழைய கேமைச் சத்தமில்லாமல் மூடாமல், கதைக்குள்ளேயே அழித்தார். டாலமட் என்ற நிலா வானத்தில் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் சர்வர் மூடியபோது அது விழுந்து உடைந்தது. 2013 ஆகஸ்டில் திறந்த புது உலகத்தில் அந்தப் பேரழிவைத் தாண்டி வந்த மக்கள் வாழ்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது என்றால் இதுதான். இலவச ட்ரையலில் லெவல் 70 வரை நாள் கணக்கு இல்லாமல் ஆடலாம். ஒரு ஸ்கில் அடித்தால் அடுத்ததற்குப் பொதுவாக 2.5 செகண்ட் இடைவெளி என்பதால் பிங் (நம் கட்டளை சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) கூடினாலும் பெரிதாக அடிபடாது. இத்தனை இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? 2024-ல் கிராஃபிக்ஸைப் புதுப்பித்த பிறகு, கார்டு இல்லாத லேப்டாப்பில் அது இழுக்கும். ஆரம்பக் கதையில் பெரும்பகுதி குரல் இல்லாத ஆங்கில வசனம். கடையில் நின்று களைத்து வந்து அதைப் பக்கம் பக்கமாகப் படிக்கப் பொறுமை வேண்டும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் வழியில் நிற்கிற சாதாரண ஆள்கூடக் குரலோடு பேசுவார். கேமராவை நம் கண்ணுக்குள் வைத்தும் நடக்கலாம். 2016 அக்டோபரில் லெவல் வித்தியாசம் பார்க்காமல் யாரும் எங்கும் போகலாம் என்று மாற்றினார்கள். ஆனால் திறந்த வெளியில் எதிரிகள் இரண்டு அடியில் விழுந்துவிடுகிறார்கள். பயம் இல்லாத காட்டுக்குள் மனம் ஒன்றாது. டிஸ்க்கிலும் ஏகப்பட்ட இடம் பிடிக்கும்.

விண்வெளியில் நடக்கிற ஈவ் ஆன்லைன் இன்னொரு எல்லை. 2003-ல் இருந்து, சீனாவைத் தவிர உலகம் முழுக்க ஒரே சர்வர். கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பக் கிடைக்காது. அந்த நடுக்கத்தை வேறு எந்த கேமும் தராது. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு லேப்டாப்பை மூடுகிறவனுக்கு அது சரிப்படாது.

இனி கில்ட் வார்ஸ் 2. 2012 ஆகஸ்டில் வந்தது, அடிப்படை கேம் 2015-ல் இருந்து இலவசம், சந்தாவே கிடையாது. தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு நிற்கிறவரிடம் போய் வேலை கேட்டு வாங்குகிற வழக்கம் இங்கே அநேகமாக இல்லை. நடந்து போகிறீர்கள், கிராமத்தைக் கொள்ளைக் கூட்டம் தாக்குகிறது. காப்பாற்றினால் கதை ஒரு பக்கம் நகரும், விட்டுவிட்டால் இன்னொரு பக்கம் நகரும். பக்கத்தில் யார் ஓடி வந்து அடித்தாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது குறையாது. அதனால் வேறு ஆளைப் பார்த்தால் எரிச்சல் வராது, சந்தோஷம் வரும். என் பார்வையில் இந்த கேமின் உயிரே அதுதான்.

உங்கள் மூவரில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடி முந்திவிடுவார், அது நடக்கும். அவர் சின்ன லெவல் பகுதிக்கு வந்தால் கேமே அவர் பலத்தை அந்த இடத்துக்கு ஏற்றபடி இறக்கிவிடும். சேர்ந்து ஆடுவது கெடாது. உச்ச லெவல் 80, தொடங்கிய நாள் முதல் மாறவில்லை. ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் சேர்த்த ஆயுதம் வீணாகாது.

மூவரும் மனித இனத்தையே எடுங்கள், க்வீன்ஸ்டேல் என்ற பகுதியில் தொடங்குவீர்கள். லெவல் 15-ஐ நெருங்கியதும் இரவு 9.15-க்கு அங்குள்ள சதுப்பு நிலத்துக்குப் போங்கள். ஷேடோ பெஹிமோத் என்ற பிரம்மாண்டமான பூதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழும், நம் நேரத்துக்கு அதில் ஒன்று சரியாக 9.15. கூப்பிடாமலே ஆட்கள் வந்து சேருவார்கள். உங்கள் வீட்டுக் கடிகாரத்தோடு ஒத்துப்போகிற ஒரு உலகம் கிடைப்பது சின்ன விஷயம் அல்ல.

ஐரோப்பா ஏன்? நமக்கு ஒன்பது மணி என்றால் அங்கே மாலை வேளை, கூட்டம் ஏறுகிற நேரம். அமெரிக்காவில் அப்போதுதான் காலை. தூரமும் குறைவு. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். மதுரையில் இருந்து ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நேர்கோட்டிலேயே 7,500 கி.மீ.க்கு மேல். போய்வர 75 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்க வழியே இல்லை, கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் அதைவிட நன்றாகவே கூடும். 150-ஐ ஒட்டி வந்தால் திருப்தியாக ஆடலாம். வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள். பிங் கூடுதலாக, ஆனால் நிலையாக இருந்தால் கை பழகிவிடும். ஏறி இறங்கினால் எதிரியின் அடியில் இருந்து உருண்டு தப்பிக்கிற நேரம் தவறும். ஒருவர் அமெரிக்காவையும் மற்றவர் ஐரோப்பாவையும் எடுத்தால் சந்திக்கவே முடியாது, தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் நிழலையும் பிரதிபலிப்பையும் அணைத்து, கேரக்டர் மாடல் லிமிட்டை (திரையில் எத்தனை ஆட்களைக் காட்டுவது என்ற அளவை) கடைசி அளவுக்கு இறக்குங்கள். கூட்டமான சண்டையில் லேப்டாப்பைக் காப்பாற்றுவது அதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ள எழுத்தும் கட்டமும் மறையும். புது ஊருக்குள் நுழையும்போது அப்படி நடந்து பாருங்கள். பிஜிஎம்ஐ பழக்கத்தில் மைக்கில் கத்திக்கொண்டே இருப்பீர்கள், கதைக் காட்சி வரும்போது மூவரும் மியூட் போட்டுவிடுங்கள்.

இலவச அக்கவுண்டில் இரண்டு கேரக்டர்தான், சாட்டுக்கும் சந்தையில் வாங்கி விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பிடித்துப்போனால் எக்ஸ்பான்ஷனை, அதாவது கேமின் கூடுதல் பகுதியை, ஒரே ஒரு முறை காசு கொடுத்து வாங்கலாம், அதற்கும் சந்தா இல்லை. லேப்டாப் இதற்கும் திணறினால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமை எடுங்கள். 2007-ல் இருந்த உருவத்திலேயே ஓடுகிறது, அதே அக்கவுண்டைப் போனிலும் திறக்கலாம்.

நாளைக்குக் கார்டு உள்ள மெஷின் வாங்கினால் ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு அவசியம் போங்கள் தம்பி. அப்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தள்ளுபடியில் கிடைக்கிறது என்று முழு கேமை வாங்கி அந்த அக்கவுண்டில் ஏற்றிவிட்டால், அதே அக்கவுண்டில் இலவச ட்ரையலுக்குத் திரும்ப முடியாது. லெவல் 70 வரை உள்ள கதையை முடித்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.