சுவர் காயட்டும், பெயிண்ட் காத்திருக்கட்டும்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 18 ஆண்டுகள் ஆகின்றன. 3 ஆண்டுகளுக்கு முன் வெளிச்சுவர் முழுவதும் பெயிண்ட் அடித்தோம். இப்போது தரையிலிருந்து 2 அடி உயரம் வரை கொப்பளித்து உரிகிறது. உரிந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்தில் கறுப்புக் கோடுகள். ஒரு ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது. விலை கூடிய நீர்த்தடுப்பு பெயிண்ட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பெயிண்டர். மழைக்காலத்துக்கு முன் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெயிண்ட் மோசமானது என்பதால் அல்ல. உங்கள் சுவர் இன்னும் அதற்குத் தயாராகவில்லை. தண்ணீர் எந்த வழியாகச் சுவருக்குள் போகிறது என்று கண்டுபிடிக்காமல் பூசினால், உள்ளே இருக்கும் ஈரத்தின் மீது மூடி போட்டதாகத்தான் ஆகும். அடுத்த வெயிலில் அந்த ஈரம் வெளியேறப் பார்க்கும். வழியில்லாவிட்டால் பெயிண்டையே தள்ளிக்கொண்டு வரும். 3 ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டில் நடந்தது அநேகமாக இதுதான்.

அடிச்சுவரிலிருந்து தொடங்குவோம். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரத்தில் கரைந்து வரும் உப்பு, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகத் தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகும்போது பெயிண்டைத் தள்ளுகிறது. பூச்சுக்குள் படிகமானால் பூச்சையே பொடிக்கிறது. இந்தப் பொடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே விழுவதை அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

அடுத்து, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து சுவரின் அடியை மட்டும் பாருங்கள். கட்டும்போது தரைமட்டத்துக்கு மேலே தெரிந்த பேஸ்மட்டம், 18 ஆண்டுகளில் மண் கொட்டியும் தளம் போட்டும் மூடிப்போயிருக்கலாம். பேஸ்மட்டத்தின் மேல்பகுதியில் ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று போட்டிருப்பார்கள். வெளிமண் அதைத் தாண்டி உயர்ந்துவிட்டால் அந்த அடுக்கு இருந்தும் பயனில்லை. மண்மட்டம் அதற்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, சொட்டும் குழாய், சுவரடியிலேயே தண்ணீர் விடும் ஏ.சி. குழாய், மழைநீர்க் குழாயின் உடைந்த முனை ஆகியவற்றையும் பாருங்கள். சுற்றுத்தளம் சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். சுவரிலிருந்து வெளிநோக்கி 50 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் வாட்டம் இருந்தால் போதும். சுவரடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு, உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஈரத்தடம் முடியும் இடத்துக்கு மேலும் 1 அடி வரை எடுக்க வேண்டும், ஏனென்றால் உப்பு கறை தெரியும் எல்லையோடு நிற்பதில்லை. பிறகு சுவரைக் காயவிடுங்கள். நனைந்த சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற வேகத்தில்தான் காயும் என்பது கட்டுமானத்தில் பழைய கணக்கு. 9 அங்குலச் சுவரென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காய்ந்ததா என்று அறிய, ஓரடிச் சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. மண்ணும் வாட்டமும் சரியாகி மாதக்கணக்கில் ஆன பிறகும் துளி கோக்கிறது என்றால், ஈரத்தடுப்பு அடுக்கே பழுதாகியிருக்கலாம். அதைக் கட்டுமானப் பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கைப்பிடிச் சுவரின் கறுப்புக் கோடுகள் எளிய விஷயம். பெரும்பாலும் அவை பாசியும் பூஞ்சணமும் தூசியும் சேர்ந்த கறைகள். சுவரின் தலைப்பகுதி வெளிப்பக்கம் சரிந்திருந்தால் ஒவ்வொரு மழையும் மேலே படிந்த அழுக்கைக் கரைத்து முகப்பில் வடிக்கும். தலைப்பகுதியை மாடிப் பக்கம் சரியும்படி பூசச் சொல்லுங்கள். சன்ஷேடின் அடிப்புறத்தில் விளிம்பை ஒட்டி ஒரு காடி, அதாவது நீளமான சிறு பள்ளம், இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரை நோக்கி ஓடிவரும் நீர் அந்தக் காடியில் தடைபட்டுக் கீழே சொட்டிவிடும். பல வீடுகளில் பெயிண்டும் பட்டியும் (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவு) அடைத்து அது மறைந்தே போயிருக்கிறது. இவ்வளவு சின்ன வேலையைக் கவனிக்காமல் சுவர் முழுவதையும் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

பாசியை அகற்ற, 1 பங்கு பிளீச்சிங் திரவத்தில் 3 பங்கு தண்ணீர் கலந்து தடவி, 15 நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பிளீச்சுடன் எந்த அமிலத்தையும் கலக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். பாசி சாகாமல் அதன்மேல் பெயிண்ட் அடித்தால், புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு அது மறுபடி வரும்.

இனி விரிசல். ஜன்னல் மூலையில் அழுத்தம் குவிவதால் சாய்வாக விரிவது பல வீடுகளில் காண்பதுதான். அது நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதே கேள்வி. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்துப் பாருங்கள். நீளமும் அகலமும் மாறவில்லை என்றால் விரிசலை ஆங்கில 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, வெளிச்சுவருக்கான விரிசல் நிரப்பியால் அடைக்கலாம். வெயிலுக்கும் குளிருக்கும் சற்றே திறந்து மூடும் விரிசலில் சிமென்ட் நிற்காது. நெகிழும் சீலன்ட் வேண்டும். அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, வீட்டுக்குள்ளும் அதே இடத்தில் தெரிந்தாலோ கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். சன்ஷேடில் காரை பெயர்ந்து துருக்கறை தெரிந்தாலும் அப்படித்தான். துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அதை வெறும் சிமென்டால் மூடினால் உள்ளே துரு தொடரும்.

இவ்வளவும் முடிந்த பின் பெயிண்ட். புதிதாகப் பூசிய இடம் 28 நாளாவது ஆறியிருக்க வேண்டும். புதுச் சிமென்டின் காரத்தன்மை பெயிண்டை அரித்துவிடும். பழைய பெயிண்டை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் அதை நீக்காமல் எது அடித்தாலும் பிடிக்காது. சுவர் பல பத்தாண்டுகள் பழையதாக இருந்தால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அப்போது உலர்வாகச் சுரண்டவே வேண்டாம். நனைத்துச் சுரண்டி, சில்லுகளைப் பொறுக்கி, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். உட்சுவர் பட்டியை வெளியே பயன்படுத்தக் கூடாது. ஓரிரு மழையில் கரைந்துவிடும். பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் தண்ணீர் கலக்க விடாதீர்கள். பெயிண்டர் எவ்வளவு ஊற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் சங்கடம் எதுவும் இல்லை. வெயில் விழும் சுவரில் அடிக்காமல், நிழல் நகர நகர அதைப் பின்தொடர்ந்து அடிப்பது நல்லது.

உங்கள் பெயிண்டர் சொன்ன நீர்த்தடுப்பு பெயிண்டை, ஜன்னலுக்கு மேலுள்ள பகுதிகளில், நன்கு காய்ந்த சுவரில் தாராளமாக அடிக்கலாம். அடிச்சுவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஈரத்தை வெளியே விடும் பெயிண்டுதான் தேவை. சிலிகேட் வகை கிடைத்தால் நல்லது.

இந்த மழைக்காலத்துக்குள் இவை எல்லாம் முடியாது. முடிக்கவும் வேண்டாம். மண்ணையும் வாட்டத்தையும் குழாய்களையும் இப்போது சரிசெய்யுங்கள். பலத்த மழை பெய்யும் ஒரு பகல்பொழுதில், இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து, சுவர் காய்ந்து, பாலித்தீன் தாளில் துளி கோக்காத நாளில் பெயிண்டரை வரச் சொல்லுங்கள்.