ஈமாக்ஸ் லிஸ்ப்பில் திரெட் இருந்தும் திரை ஏன் உறைகிறது?

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில், அதன் லிஸ்ப் மொழியில் எழுதிய நிரல் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு பெரிய லாக் கோப்பை (நிரல்கள் தம் நடவடிக்கைகளைப் பதியும் கோப்பு) வரி வரியாக அலசும் வேலையை மேக்-திரெட் கொண்டு தனித் திரெட்டில் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடரில்) போட்டிருக்கிறார். அது ஓடத் தொடங்கியதும் எந்த விசையும் வேலை செய்யவில்லை. முடிந்த பிறகுதான் ஈமாக்ஸ் அசைகிறது. "அப்படியானால் திரெட் எதற்கு?" என்கிறார். நியாயமான கேள்வி. பலரும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஈமாக்ஸில் எத்தனை திரெட் உருவாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் லிஸ்ப்பை இயக்கும். கணினியில் பதினாறு கோர் இருந்தாலும் இதுதான் நிலை. பலர் பேச வந்த கூட்டத்தில் ஒரே ஒரு மைக் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவர் தானாகக் கொடுத்தால்தான் அது அடுத்தவர் கைக்குப் போகும். யாரும் பிடுங்க மாட்டார்கள். கைமாறும் தருணங்களும் சிலவே: முறையை விட்டுக்கொடுக்கும் திரெட்-யீல்டை அழைக்கும்போது, விசை உள்ளீட்டுக்கோ பிராசஸ் (தனியாக ஓடும் வேறொரு நிரல்) வெளியீட்டுக்கோ காத்திருக்கும்போது, மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்கக்கூடிய பூட்டு) கிடைக்காமல் நிற்கும்போது, இன்னொரு திரெட் முடிய வேண்டும் என்று காத்திருக்கும்போது. உங்கள் லூப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வெறும் ரீஜெக்ஸ் (எழுத்து வடிவப் பொருத்தம்) தேடல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் முதன்மைத் திரெட்டுக்கு முறையே வருவதில்லை.

சில நூறு வரிகளுக்கு ஒருமுறை திரெட்-யீல்ட் போட்டால் நிலைமை கொஞ்சம் தேறும். ஆனால் தட்டச்சு செய்யும்போது திக்கித் திணறும். மொத்த வேலை நேரமும் குறையாது.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் பேசுவது சரியில்லை. குனு ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. அதன் சி மொழி மையம் முழுவதும், இயக்குபவர் ஒருவரே என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. லெட் என்ற கட்டளை கொண்டு ஒரு டைனமிக் மாறியை (நிரல் முழுவதும் பார்க்கக்கூடிய மாறியை) தற்காலிகமாக மாற்றினால், அந்த மாறியின் பெயரான சிம்பலுக்குள்ளேயே புது மதிப்பு எழுதப்படும். பழையது ஒரு அடுக்கில் போய் உட்காரும். வெளியேறும்போது திரும்ப வரும். அப்படி ஒரு பொது மாறியை நீங்கள் ஐந்து வரிக்கு மட்டும் மாற்றினால்கூட, அந்த ஐந்து வரியும் ஓடும் நேரத்தில் ஈமாக்ஸ் முழுவதற்கும் அதுதான் மதிப்பு. இரண்டு திரெட்டுகள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடினால் யாருடைய மதிப்பு செல்லும்? இன்று ஒவ்வொரு முறை திரெட் மாறும்போதும், போகிறவர் கட்டியவற்றை (மாற்றி வைத்த மதிப்புகளை) அவிழ்த்து, வருகிறவர் கட்டியவற்றை மறுபடி கட்டுகிறது ஈமாக்ஸ். ஒரு நேரத்தில் ஒருவர் என்ற விதி இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நிற்கிறது.

திறந்த கோப்பின் உரையை வைத்திருக்கும் பஃபரும் அப்படித்தான். எழுத்துகளுக்கு நடுவே ஒரு காலி இடத்தை வைத்துக்கொண்டு, திருத்தம் நடக்கும் இடத்துக்கு அதை நகர்த்தும் அமைப்பு அது. ஒருவர் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அந்த இடைவெளியை நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், பல ஆண்டுகளாக எழுதிக் குவிந்த பேக்கேஜுகள் (ஈமாக்ஸின் கூடுதல் நிரல் தொகுப்புகள்). இரண்டு வரிகளுக்கு நடுவே வேறு யாரும் பஃபரைத் தொட மாட்டார்கள் என்று நம்பித்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. நிரலாளர் டாம் ட்ரோமி தொடங்கிய திரெட் கிளை (தனியாக வளர்த்த நிரல் பிரதி) 2016 இறுதியில் மூலநிரலில் சேர்ந்து, 2018 மே மாதம் 26.1ஆம் பதிப்பில் வெளிவந்தது. அந்தப் பேக்கேஜுகளை உடைக்காமல் இதைக் கொண்டுவந்ததே பெரிய வேலை என்பது என் கருத்து.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, நிரல் காத்திருக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்பது. கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி), நெட்வொர்க் போன்ற காத்திருப்பு என்றால், வெளி நிரலைத் தொடங்கும் மேக்-பிராசஸ் போதும். வெளியீடு வரும்போது ஃபில்டர், முடியும்போது சென்டினல் என்று நீங்கள் தரும் ஃபங்ஷன்களை ஈமாக்ஸே அழைக்கும். ஃபில்டருக்கு வரும் சரம் முழு வரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வரி பாதியில் அறுந்து வரும். மீதியை எடுத்துவைத்து அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். ஃபில்டருக்குள் கனமான வேலை செய்தால் மறுபடி அதே உறைதல்தான்.

உங்களுடையது கணக்கு. அதை ஈமாக்ஸுக்கு வெளியே அனுப்புங்கள். லாக் கோப்பு என்பதால் வரிகளைத் தேடி எடுக்கும் ரிப்கிரெப் அல்லது ஆக் நிரலை பிராசஸாக ஓட்டி, பொருந்திய வரிகளை மட்டும் பஃபருக்குள் கொண்டுவருவதுதான் நான் செய்வது. லிஸ்ப்பிலேயே அலச வேண்டிய கட்டாயம் இருந்தால் இன்னொரு ஈமாக்ஸை பேட்ச் முறையில் (திரை இல்லாமல்) தொடங்குங்கள். ஜான் வீக்லியின் அசிங்க் பேக்கேஜ் இதை எளிதாக்குகிறது. ஆனால் தரவு அங்கே எழுத்து வடிவில்தான் போகும். பஃபரையோ, அதில் ஓர் இடத்தைக் குறிக்கும் மார்க்கரையோ அனுப்ப முடியாது. ஈமாக்ஸே இந்த வழியில்தான் போகிறது: 28ஆம் பதிப்பில் வந்த நேட்டிவ் கம்பைலேஷன் (லிஸ்ப்பை இயந்திர மொழியாக மாற்றுவது), பின்னணியில் தனி ஈமாக்ஸ் பிராசஸ்களைத் தொடங்கித்தான் கோப்புகளைக் கம்பைல் செய்கிறது. விஎஸ் கோட் என்ற இன்னொரு உரைத்திருத்தி தன் எக்ஸ்டென்ஷன்களைத் தனி பிராசஸில் வைத்திருக்கிறது. நியோவிம் என்ற உரைத்திருத்தியில் உண்மையான திரெட் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதன் நிரல் மொழியான லுவாவில் தனி உலகம். அங்கிருந்து பஃபரை நேராகத் தொட முடியாது.

அப்படியானால் ஈமாக்ஸ் திரெட் எங்கே உதவும்? ஒரு சர்வரோடு பல சுற்றுப் பேச்சு நடத்தும் நிரலில். அனுப்பு, காத்திரு, படி, மறுபடி அனுப்பு என்பதை கால்பேக் (பின்னர் அழைக்கப்படும் ஃபங்ஷன்) சங்கிலியாக எழுதினால் படிக்கவே முடியாது. திரெட்டில் மேலிருந்து கீழாக எழுதலாம். ஒரு பிராசஸ், அதை உருவாக்கிய திரெட்டோடு பூட்டப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வேறு திரெட் அதன் வெளியீட்டை வாங்க வேண்டுமானால் செட்-பிராசஸ்-திரெட் தேவை. திரெட்டுக்குள் பிழை வந்தால் திரையில் எதுவும் தெரியாமல் அது செத்துப்போகும். திரெட்-லாஸ்ட்-எரர் கேட்டுப் பாருங்கள்.

மாற்றி எழுதும் முன், நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலர்-ஸ்டார்ட் போட்டு ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அறிக்கையில் பெரும்பகுதி கார்பேஜ் கலெக்ஷன் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) என்று வந்தால், ஒவ்வொரு வரியையும் சரமாக வெட்டி எடுப்பதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பஃபரிலேயே ரீ-சர்ச்-ஃபார்வர்ட் கொண்டு நகர்ந்து, தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டால், பிராசஸ் இல்லாமலேயே வேலை முடிந்துவிடலாம்.