பீர் பீப்பாயில் போன கடிதம்

வணக்கம்.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தைப் பற்றி சேகர் கபூர் எடுத்த ‘எலிசபெத்’ (1998), அதன் தொடர்ச்சியான ‘எலிசபெத்: த கோல்டன் ஏஜ்’ (2007) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். மிகவும் பிடித்திருந்தது. என் நண்பரோ, ‘பாதிக்குப் பாதி பொய், த்ரில்லர் ஆக்குவதற்காக வரலாற்றை வளைத்திருக்கிறார்கள்’ என்கிறார். எனக்கு இரண்டு கேள்விகள். ராணி சாகமாட்டார் என்று முன்பே தெரிந்த கதையில் பதற்றம் எங்கிருந்து வருகிறது? படத்துக்காக வரலாற்றை எவ்வளவு தூரம் மாற்றலாம்?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பர் சொல்வதில் தவறில்லை. முதல் படத்தில் ராணியின் உளவுத் தலைவர் வால்சிங்ஹாம் ஸ்காட்லாந்து போகிறார், அங்கே ஆட்சி நடத்திய மேரி ஆஃப் கீஸுடன் (மேரி ஸ்டூவர்ட்டின் தாய்) ஓர் இரவு தங்குகிறார், விடிந்தால் அந்த அம்மையார் பிணம். நிஜத்தில் மேரி ஆஃப் கீஸ் 1560 ஜூனில் எடின்பரோ கோட்டையில் நோயுற்று இறந்தார். இரண்டாவது படத்தில், ராணியைக் கொல்லச் சதி செய்த பாபிங்டன் என்ற கத்தோலிக்க இளைஞர் தேவாலயத்துக்குள் புகுந்து எலிசபெத்தை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறார். அப்படியொன்று நடக்கவே இல்லை.

இந்தப் படங்கள்மேல் எனக்கு இருக்கும் குறை வேறு. நடந்த கதை, இவர்கள் கட்டிய கதையைவிடப் பதற்றமானது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் அரியணையை இழந்த மேரி ஸ்டூவர்ட், எலிசபெத்தின் உறவினர், 1568-ல் அடைக்கலம் தேடி இங்கிலாந்து வந்தார். அன்று முதல் காவலில்தான் இருந்தார். புராட்டஸ்டன்ட்டான எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை. கத்தோலிக்கர்கள் பலர் மேரியை உரிமையுள்ள வாரிசாகப் பார்த்தார்கள். ராணியைக் கொல்ல யார் திட்டம் போட்டாலும் மேரியின் பெயர் அடிபட்டது. 1585-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. யாரை அரியணையில் ஏற்றச் சதி நடக்கிறதோ, அவருக்கும் அதில் பங்கு இருந்தால் விசாரித்து மரண தண்டனைவரை போகலாம். வால்சிங்ஹாமுக்கு அதன்பின் வேண்டியிருந்தது மேரியின் சம்மதம், எழுத்தில்.

மேரியின் கடிதப் போக்குவரத்தை முதலில் முழுசாக அடைத்தார்கள். அப்புறம் அவர்களே ஒரு வழியைத் திறந்துவிட்டார்கள். மேரியின் ஆட்கள் நம்பிய கில்பர்ட் கிஃபர்ட் என்ற இளைஞர் உண்மையில் வால்சிங்ஹாமின் ஆள். 1586 தொடக்கத்திலிருந்து, மேரி அடைபட்டிருந்த சார்ட்லி மாளிகைக்கு வரும் பீர் பீப்பாயில் கடிதங்கள் போய்வந்தன. தண்ணீர் புகாத உறையில் சுருட்டி, பீப்பாயின் அடைப்பு வழியாக உள்ளே செருகிவிடுவார்கள். பீர் கொண்டுவந்த வியாபாரிக்கு இரண்டு தரப்பும் காசு கொடுத்தது. அது போதாதென்று அவர் பீர் விலையையும் ஏற்றிக் கேட்டிருக்கிறார். இப்படி ஓர் ஆளை எந்தத் திரைக்கதையிலும் நான் பார்த்ததில்லை.

போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாமே வால்சிங்ஹாமின் ஆட்கள் கைபட்டுத்தான் போயின. ஆர்தர் கிரெகரி முத்திரையைத் தடம் தெரியாமல் திறந்து, மறுபடி ஒட்டுவார். தாமஸ் ஃபெலிப்ஸ் சங்கேத எழுத்தை உடைத்து வாசிப்பார். ஜூலையில் பாபிங்டன் மேரிக்கு எழுதினார்: ஆறு கனவான்கள் எலிசபெத்தை முடிப்பார்கள், நாங்கள் உங்களை மீட்போம். ஜூலை 17 தேதியிட்டு மேரியின் பதில் கிளம்பியது. அதை வாசித்த ஃபெலிப்ஸ், வால்சிங்ஹாமுக்கு அனுப்பிய நகலின்மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்தார். அதோடு விடவில்லை. பாபிங்டனுக்குப் போன கடிதத்தின் கடைசியில், அதே சங்கேத எழுத்தில், மேரி சொல்லாத சில வரிகளைச் சேர்த்தார்கள். அந்த ஆறு பேர் யார் யார் என்று கேட்கும் வரிகள்.

உங்கள் முதல் கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் பதில் இந்த ஜூலை மாதம்தான். எலிசபெத் பிழைப்பார், மேரியின் தலை போகும். எல்லாம் தெரியும். தெரிந்தும், அவர் செயலாளரிடம் பதிலைச் சொல்லச் சொல்ல, ‘வேண்டாம், அந்த வரியை மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று நமக்கு அடித்துக்கொள்கிறது. பதினெட்டு வருடக் காவலுக்குப் பிறகு வெளியிலிருந்து குரல் வந்தால் யார்தான் பதில் எழுதாமல் இருப்பார்கள்? ஆகஸ்ட் 11 அன்று அவரை வேட்டைக்கென்று குதிரையில் வெளியே அழைத்துப் போனார்கள். தூரத்தில் குதிரை வீரர்கள் வருவதைப் பார்த்தவர், பாபிங்டனின் ஆட்கள் மீட்க வந்துவிட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தாராம். வந்தவர்கள் கைது செய்ய வந்தவர்கள். பாபிங்டனோ, வால்நட் சாற்றைப் பூசி முகத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டு லண்டனுக்கு வெளியே ஒளிந்து திரிந்து பிடிபட்டார். செப்டம்பரில் 14 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அக்டோபரில் ஃபோதரிங்கே கோட்டையில் விசாரணை. என் கையெழுத்தைக் காட்டுங்கள் என்று மேரி கேட்டார். அவர்களிடம் இருந்தவை நகல்களும் செயலாளர்களின் வாக்குமூலமும்தான். 1587 பிப்ரவரி 8 அன்று தலை வெட்டப்பட்டது.

சரி, இரண்டாவது கேள்வி. எலிசபெத்தும் மேரியும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால் 1800-ல் மேடையேறிய, ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நாடகத்திலும், 2018-ல் வந்த மேரி பற்றிய படத்திலும் சந்திக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. ஒருவரையொருவர் நினைத்தே பாதி வாழ்க்கையைக் கழித்த இரண்டு பேர். கடிதங்களில் இருந்த பயத்தையும் உறவையும் ஒரே அறைக்குள் கொண்டுவர அந்தச் சந்திப்பு உதவுகிறது. வால்சிங்ஹாமைக் கொலைகாரர் ஆக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய பலமே பொறுமையும் காகிதமும். எதிராளி தன் கையாலேயே தன் முடிவை எழுதும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர். படுக்கையறைக் கொலை அந்த ஆளை அழித்துவிட்டு, எந்தப் படத்திலும் கிடைக்கும் ஓர் ஒற்றரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. துப்பாக்கிக் காட்சியும் அப்படித்தான். ஆறு மாத வேலையை அரை நிமிடம் விழுங்கிவிட்டது.

வால்சிங்ஹாமாக வரும் ஜெஃப்ரி ரஷ் நடிப்பை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். அவர் பேசாமல் நிற்கும் காட்சிகளில் உண்மையான வால்சிங்ஹாம் தெரிகிறார்.

இந்தக் கடிதங்களின் கதை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாரிஸின் தேசிய நூலகத்தில் இத்தாலியக் காகிதங்கள் என்று பட்டியலிடப்பட்டிருந்த கட்டுகளில், மேரி சங்கேத எழுத்தில் எழுதிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்ததை மூன்று ஆய்வாளர்கள் உடைத்துப் படித்து 2023-ல் வெளியிட்டார்கள். 1578 முதல் 1584 வரை, பெரும்பாலும் பிரெஞ்சுத் தூதருக்கு எழுதியவை.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று யோசித்தால், 1971-ல் பிபிசி எடுத்த ‘எலிசபெத் ஆர்’ தொடரைத் தேடிப் பாருங்கள். கிளெண்டா ஜாக்சன் எலிசபெத்தாக நடித்தது. ஆறு பகுதிகளில் நான்காவது இந்தச் சதியைப் பற்றியது. பிரம்மாண்டம் இருக்காது, ஆட்கள் உட்கார்ந்து பேசுவதுதான் அதிகம். உங்கள் நண்பருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.